கடைக்காரர் ஓட்டும் ஸ்கிரிப்ட் எது, நாம் ஓட்டுவது எது: பிரித்து வைக்க ஒரு வழிகாட்டி

காரைக்குடியில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சேலைக் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, பலகாரக் கடை என்று சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களுக்கு பில், இருப்பு, கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். மென்பொருளோடு ஸ்கிரிப்ட்டுகளும், அதாவது ஒவ்வொரு வேலைக்கென்று எழுதும் குட்டிக் குட்டி நிரல்களும், சேர்ந்து வளரும். பேக்கப் எடுக்க ஒன்று, மாத அறிக்கைக்கு ஒன்று, சோதனைத் தரவு நிரப்ப ஒன்று. எங்களிடம் எல்லாமே 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஒரே ஃபோல்டரில் கிடந்தன. மொத்தம் 41.

ஒரு ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் ஒரு கடையின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். ஜி.எஸ்.டி. விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் ஒரே பில் எண் இரண்டு முறை வரக்கூடாது. அதனால் பெரும்பாலான கடைகள் ஏப்ரல் 1இல் புது வரிசை தொடங்கும். அன்று காலை முதல் சில பில்கள் பழைய வரிசையிலேயே வந்துவிட்டன. அவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். 'ரீசெட்' என்று ஒரு கோப்பு இருந்தது. இரண்டு முறை சொடுக்கிவிட்டார்.

"தம்பி, பில் நம்பர் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருச்சு. ஆனா கஸ்டமர் லிஸ்ட்ல யார் யாரோ இருக்காங்களே?"

அது நான் எழுதியது. டேட்டாபேஸை முழுக்கத் துடைத்து, சோதனைக்காகப் பொய்ப் பெயர்களை நிரப்பும் ஸ்கிரிப்ட். முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். அன்று காலை போட்ட பில்களை மட்டும் நகல் தாளைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். கணக்குப்பிள்ளை மேல் துளியும் தவறில்லை. அவர் கைக்கு எட்டும் இடத்தில் அந்தக் கோப்பை வைத்தது நாங்கள்.

அப்புறம் உட்கார்ந்து 41 ஸ்கிரிப்ட்டுகளையும் பிரித்து அடுக்கினோம். வழி தெரியாமல் செய்ததால் பத்து நாள் ஆனது. முறை தெரிந்திருந்தால் நாலரை நாளில் முடிந்திருக்கும். கல்லூரி முடித்து இது போன்ற சின்ன அலுவலகங்களில் சேரும் பிள்ளைகளுக்கு அந்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

1. எதையும் நகர்த்தாமல் பட்டியல் எடுங்கள்

எடுத்த எடுப்பிலேயே ஃபோல்டர்களை மாற்றத் தோன்றும். வேண்டாம். முதலில் ஒரு எக்ஸெல் தாள் திறந்து ஆறு பத்திகள் போடுங்கள்: கோப்பின் பெயர், யார் ஓட்டுகிறார், எங்கிருந்து அழைக்கப்படுகிறது, எதை மாற்றுகிறது, எந்தக் கடவுச்சொல் வேண்டும், கடைசியாக எப்போது ஓடியது. இந்த வேலைக்கு இதுதான் முதல் ஆவணம். எங்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகும். அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

'எங்கிருந்து அழைக்கப்படுகிறது' என்ற பத்தியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கிட் (குறியீட்டின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) தரும் கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு ரெப்போவுக்குள் (நம் குறியீடு இருக்கும் களஞ்சியம்) தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி ரெப்போவுக்கு வெளியே இருக்கும். நாங்கள் கண்டுபிடித்த இடங்கள் இவை:

சர்வரின் கிரான் பட்டியல், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல். உங்கள் பயனர் கணக்கில் பார்த்தால் உங்களுடையது மட்டும்தான் தெரியும். ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பட்டியல் தனி, 'இடிசி' ஃபோல்டருக்குள் 'கிரான் டாட் டி' என்று இருப்பது தனி. இதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமர்களையும் பாருங்கள்.

கடைக் கணினிகளின் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டுகள். இதை போனில் கேட்டால் சரியாகத் தெரியாது. காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடி என்று பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தோம்.

வாட்ஸ்அப். "இதை ஓட்டுங்க அண்ணே" என்று என்றோ ஒருநாள் அனுப்பிய செய்தியைப் பார்த்து ஒருவர் இரண்டு வருடமாக மாதாமாதம் ஓட்டிக்கொண்டிருந்தார். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டும் இதே வகைதான்.

2. யார் ஓட்டுவார் என்று மட்டும் கேளுங்கள்

எந்த மொழியில் எழுதியது, எவ்வளவு பெரியது, எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பிரிக்க ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நாங்கள் முதலில் பைத்தான் ஒரு பக்கம், ஷெல் (லினக்ஸ் கட்டளை வரி) ஒரு பக்கம் என்று பிரித்து மூன்று நாளை வீணாக்கினோம். ஒரே கேள்வி போதும்: இதை ஓட்டப்போகும் ஆள் யார்?

நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் விருந்தாளி உட்காருவார். வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) வீட்டார் புழங்குவார்கள். அதையும் தாண்டி இரண்டாம் கட்டு, அடுப்படி, அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல். வெளியாள் அடுப்படிக்குள் வரமாட்டார் என்பதால்தான் அரிவாள்மனையைத் தரையில் வைத்துவிட்டு வேலை பார்க்க முடிகிறது. ஸ்கிரிப்ட்டுகளையும் அப்படி நான்காகப் பிரித்தோம்.

வாடிக்கையாளர் ஓட்டுபவை: மாத அறிக்கை, பேக்கப், புது நிதியாண்டு தொடக்கம் போன்றவை. எங்களிடம் 6.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஓட்டுபவை: புதுப் பதிப்பு ஏற்றுவது, பேக்கப்பைத் திரும்பக் கொண்டுவருவது. 5.

மனிதர் யாரும் நேரடியாக ஓட்டாமல், மேலே சொன்னவை உள்ளுக்குள் அழைப்பவை. 4.

டெவலப்பர் மட்டும் ஓட்டுபவை: சோதனைத் தரவு, பதிப்பு எண் ஏற்றுவது, குறியீட்டைச் சரிபார்ப்பது. 15.

மீதி 11 எதிலும் சேரவில்லை, யாரும் ஓட்டவும் இல்லை. அவற்றை அழித்துவிட்டோம். 'எப்பவாவது தேவைப்படும்' என்று தனி ஃபோல்டரில் போட்டு வைக்காதீர்கள். தேவைப்பட்டால் கிட் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வகையிலும் சேரும் ஸ்கிரிப்ட் கட்டாயம் வரும். எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட்டைக் கடைக்காரரும் ஓட்டினார், நாங்களும் வேறு தெரிவுகளோடு (ஆப்ஷன்) ஓட்டினோம். அதை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்க வாதம் நடந்தது. அப்படி வந்தால் இரண்டாக உடைத்துவிடுங்கள். உண்மையான வேலையைப் பொதுவான ஒரு மாட்யூலுக்குள் போட்டுவிட்டு, கடைக்காரருக்கு ஒரு மெல்லிய முகப்பு, நமக்கு ஒரு முகப்பு என்று வைத்தால் தகராறு தீர்ந்தது.

வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான குடும்பத்துக்கும்) ஓர் அறை இருக்கிற மாதிரி, ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் பொறுப்பாளர் ஒருவர் பெயரைப் பட்டியலில் ஏழாவது பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. ஃபோல்டர்களைப் போடுங்கள்

புதுப் பெயர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. லினக்ஸ் உலகில் ஏற்கெனவே வழக்கம் இருக்கிறது. பயனர் கட்டளைகளுக்கு 'பின்' என்ற ஃபோல்டர். பிற நிரல்கள் மட்டும் அழைக்கும் உள் உதவிகளுக்கு 'லிப்எக்ஸெக்'. எந்த ஃபோல்டரில் எது இருக்க வேண்டும் என்று சொல்லும் லினக்ஸ் கோப்பமைப்புத் தரத்தின் (எஃப்ஹெச்எஸ்) 3.0 பதிப்பிலேயே இந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. கிட் மென்பொருளும் தன் உள் கட்டளைகளை இப்படித்தான் தனியே வைத்திருக்கிறது. உங்கள் கணினியில் கிட்டை 'எக்ஸெக் பாத்' தெரிவோடு ஓட்டினால் அந்த இடத்தைக் காட்டும். ஒருமுறை போய்ப் பாருங்கள், யோசனை பிடிபடும். சர்வர் ஆளுக்கு 'ஆப்ஸ்', டெவலப்பருக்கு 'டூல்ஸ்' என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஃபோல்டரை அடியோடு எடுத்துவிட்டோம். அந்தப் பெயரில் ஓர் இடம் இருந்தால் புதிதாக எழுதும் எல்லாம் யோசிக்காமல் அங்கேதான் போய் விழும்.

பைத்தான் திட்டம் என்றால் பயனர் கட்டளைகளைக் கோப்பாக வைக்கவே வேண்டாம். 'பைப்ராஜெக்ட்' கோப்பில் 'ப்ராஜெக்ட் டாட் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் கட்டளையின் பெயரையும் அது அழைக்க வேண்டிய ஃபங்ஷனையும் எழுதினால் போதும். பைத்தானின் நிறுவும் கருவியான பிப் நிறுவும்போது அந்தந்த இயங்குதளத்துக்கு ஏற்ற கட்டளையை அதுவே செய்து வைக்கும். விண்டோஸில் எக்ஸி கோப்பாகவே வரும்.

நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) திட்டத்தில் 'பேக்கேஜ் ஜேசன்' கோப்பில் 'பின்', 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது நிறுவியவர் ஓட்டும் கட்டளைகளுக்கு, இரண்டாவது நாம் நோட்டின் பொட்டலக் கருவியான என்பிஎம்மில் 'ரன்' என்று ஓட்டுபவற்றுக்கு. ஒரு பொறி இருக்கிறது: 'ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் 'போஸ்ட்இன்ஸ்டால்' என்று எழுதினால், நம் பொட்டலத்தை நிறுவுகிறவரின் கணினியிலும் அது வழக்கமாக ஓடும். உள்வேலை எதையும் அங்கே வைக்காதீர்கள்.

ஃபோல்டர் பிரித்ததோடு வேலை முடியாது. வாடிக்கையாளருக்குப் போகும் பொட்டலத்தில் 'டூல்ஸ்' சேரவே கூடாது. பைத்தான் பொட்டலமான வீல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான். அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் ரெப்போவை அப்படியே ஜிப் செய்து பென்டிரைவில் கொண்டுபோவது வழக்கமாக இருந்தது. 'ரீசெட்' கடைக்குப் போனது அந்த வழியில்தான்.

4. பெயர்கள்

பயனர் ஓட்டும் கட்டளையின் பெயர் ஒரு வாக்கு. ஒருமுறை கொடுத்தால் அவர் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவார். அதனால் பெயரின் பின்னால் மொழியைக் காட்டும் விகுதியை (டாட் பிஒய், டாட் எஸ்ஹெச் போன்றவை) போடாதீர்கள். இன்று ஷெல்லில் இருப்பதை நாளை பைத்தானில் எழுதினாலும் பெயர் மாறாது. உள் ஸ்கிரிப்ட்டுகளுக்கு விகுதி இருக்கட்டும், எடிட்டருக்கும் நமக்கும் வசதி.

எல்லாப் பயனர் கட்டளைகளுக்கும் மென்பொருளின் பெயரை முன்னால் ஒட்டிவிடுங்கள். வெறுமனே 'டெஸ்ட்' என்று பெயர் வைத்தால் ஷெல்லுக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது. உங்களுடையது ஓடாமல் அது ஓடும், பிழைச் செய்தியும் வராது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை நம்பியும் பெயர் வைக்காதீர்கள். விண்டோஸ் வழக்கமாக அதைப் பார்க்காது.

அழிக்கும் வேலை செய்வதற்கு அழிப்பது என்றே பெயர் வேண்டும். 'ரீசெட்', 'கிளீன்', 'ஃபிக்ஸ்' மூன்றையும் நாங்கள் தடை செய்துவிட்டோம். அந்தப் பழைய ஸ்கிரிப்ட்டின் இன்றைய பெயர் 'அழித்துச் சோதனைத் தரவு நிரப்பு' என்பதன் ஆங்கில வடிவம். நீளம்தான், ஆனால் யாரும் தெரியாமல் ஓட்டமாட்டார்கள்.

5. பயனர் ஸ்கிரிப்ட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை

'ஹெல்ப்' என்று கேட்டால் என்ன செய்யும், எதை மாற்றும் என்று சொல்ல வேண்டும். வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண் திரும்ப வேண்டும். பிழைச் செய்தி தனிப் பாதையில் போக வேண்டும், அறிக்கையோடு கலக்கக் கூடாது. தரவை மாற்றும் முன் "இத்தனை பதிவுகள் மாறும், தொடரவா?" என்று கேட்க வேண்டும்.

செய்திகளைத் தமிழில் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். ஓட்டுகிறவர் படிக்க வேண்டியது அது. ஆனால் பழைய விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் தமிழ் உடைந்து தெரியும், முதலில் அந்தக் கடைக் கணினியிலேயே சோதியுங்கள். கோப்பு எழுதும்போது எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப் 8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். சிஎஸ்வியை எக்ஸெல்லில் திறப்பார்கள் என்றால் அந்தக் குறியாக்கத்தை எக்ஸெல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் பாம் அடையாளமும் கோப்பின் முன்னால் வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பெயரெல்லாம் குப்பையாக வரும்.

அடுத்தது மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையாவது சொல்லிவிட்டு வரும், மற்றது சொல்லாமல் வரும். எல்லாக் கடையிலும் யுபிஎஸ் இருக்காது. ஸ்கிரிப்ட் பாதியில் நின்றாலும் திரும்ப முதலிலிருந்து ஓட்டினால் சரியாக முடிய வேண்டும். கோப்பை நேரடியாக அதன் மேலேயே எழுதாமல் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, கடைசியில் பெயரை மாற்றுங்கள். டேட்டாபேஸ் மாற்றங்களை ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள்: எல்லாம் நடக்கும், இல்லை ஒன்றுமே நடக்காது.

6. உள் ஸ்கிரிப்ட்டுக்குக் காவல்

நமக்கு மட்டும்தானே என்று இங்கே அலட்சியம் வரும். அழிக்கும் ஸ்கிரிப்ட் எதுவாக இருந்தாலும் முதல் வேலையாகத் தான் எந்த டேட்டாபேஸோடு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். அதன் பெயர் 'டெஸ்ட்' என்று முடியாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இதற்கு நான்கு வரி போதும். இன்னும் பலமான காவல்: கடையில் ஓடும் மென்பொருளின் டேட்டாபேஸ் கணக்குக்கு அட்டவணையை அழிக்கும் உரிமையே கொடுக்காதீர்கள்.

ஷெல் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் செட் கட்டளையின் இ, யு, பைப்ஃபெயில் மூன்றையும் போடுங்கள். பிழை வந்தால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். முதல் வரியில் பேஷ் (ஒரு வகை ஷெல்) என்று எழுதிவிட்டு, ஓட்டும்போது எஸ்ஹெச் என்று முன்னால் போட்டு ஓட்டினால் முதல் வரி கணக்கில் வராது. உபுண்டுவில் எஸ்ஹெச் என்பது டேஷ் என்ற வேறொரு ஷெல், அதற்கு பேஷின் பல வசதிகள் தெரியாது. எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் என் கணினியில் ஓடி, சர்வரில் விழுந்ததற்கு இதுதான் காரணம்.

ஷெல்செக் என்ற இலவசக் கருவியை எல்லா ஷெல் ஸ்கிரிப்ட்டிலும் ஒருமுறை ஓட்டுங்கள். மேற்கோள் குறி விட்டுப்போன இடங்களையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

7. நகர்த்துவது

கிட் எம்வி கொண்டு நகர்த்துங்கள். நகர்த்துவது ஒரு கமிட் (கிட்டில் சேமிக்கும் ஒரு மாற்றப் பதிவு), உள்ளே திருத்துவது வேறு கமிட். இரண்டையும் சேர்த்தால், திருத்தம் அதிகமாகும்போது கிட் அதை 'பழையது அழிந்தது, புதியது பிறந்தது' என்று எடுத்துக்கொள்ளும், வரலாறு அறுந்துபோகும்.

விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு பொறிகள். ஒன்று, ஓட்டும் அனுமதி: சர்வரில் 126 என்ற எண் திரும்பினால் கோப்பு கிடைத்தது, அனுமதி இல்லை என்று பொருள். 127 என்றால் கோப்பே கிடைக்கவில்லை. இரண்டு, வரி முடிவு: விண்டோஸ் வரி முடிவோடு ஷெல் ஸ்கிரிப்ட் போனால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று லினக்ஸ் சொல்லும். 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் ஷெல் கோப்புகளுக்கு எல்எஃப் (லினக்ஸின் வரி முடிவு) என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தத் தொல்லை போகும்.

பயனர் ஸ்கிரிப்ட்டின் பழைய இடத்தில் இரண்டு வரியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை விட்டுவையுங்கள். "இது இடம் மாறிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் புதியதை அதே தெரிவுகளோடு அழைக்கட்டும். எவ்வளவு நாள்? ஒரு முழு நிதியாண்டு. மூன்று மாதம் போதும் என்று நினைத்தோம். ஆனால் ஆண்டு முடிவு அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறைதான் ஓட்டுவார்கள். உள் ஸ்கிரிப்ட்டுகளுக்கு இந்த மரியாதை தேவையில்லை, நேரடியாக நகர்த்திவிடலாம்.

கிரான் வேலைகளை மட்டும் கையால் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கிரானுக்குக் கிடைக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மிகச் சிறியது. உங்கள் திரையில் ஓடுவது இரவு இரண்டு மணிக்கு ஓடாது. முழு முகவரியோடு எழுதி, ஐந்து நிமிடத்தில் ஓடும்படி நேரம் வைத்து, அதுவாக ஓடுவதைப் பாருங்கள்.

8. ஆவணம், செலவு, நாள்

இரண்டு ஆவணங்கள் போதும். கடைக்காரருக்கு ஒரு பக்கத் தமிழ்த் தாள்: ஆறு கட்டளைகள், ஒவ்வொன்றையும் எப்போது ஓட்டுவது, நின்றுவிட்டால் யாருக்குப் போன் செய்வது. அதை லேமினேட் செய்து கொடுத்தோம், ஒன்றுக்கு 30 ரூபாய் ஆனது. டெவலப்பருக்கு 'டூல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே ஒரு ரீட்மீ, ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு வரி வீதம். கடைத் தாளில் உள் ஸ்கிரிப்ட் ஒன்றின் பெயர்கூட வரக் கூடாது.

கருவிகளுக்குக் காசு இல்லை. செலவெல்லாம் நேரம்தான். பட்டியலுக்கு ஒன்றரை நாள், பிரிக்க அரை நாள், நகர்த்த ஒரு நாள், காவல் போட ஒரு நாள், ஆவணத்துக்கு அரை நாள். கடைகளுக்கு நேரில் போய்வரும் பெட்ரோலும் நேரமும் தனி. உரிமையாளரிடம் அனுமதி கேட்கும்போது இந்த நாலரை நாளைப் பிரித்தே சொல்லுங்கள். "ஃபோல்டர் அடுக்கப் போகிறேன்" என்றால் யாரும் நேரம் தரமாட்டார்கள்.

நாள் பார்ப்பது முக்கியம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் கடைகளுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர் 1க்கு 11ஆம் தேதியும் வரி கட்டும் சுருக்கப் படிவமான 3பிக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள். ஆகவே 21க்கு மேல் மாதக் கடைசிக்குள் செய்யுங்கள். மார்ச் கடைசி வாரம், ஏப்ரல் முதல் வாரம் கிட்டவே போகாதீர்கள். ஆடியில் புதுமனை புகுவிழா கிடையாது என்பதால் டைல்ஸ் பட்டறைக்கு அது தோதான மாதம். சேலைக் கடைக்கு ஆடித் தள்ளுபடி நேரம், அங்கே வேண்டாம். பலகாரக் கடைக்குத் தீபாவளி முடியட்டும்.

கிழமையும் உண்டு. சனிக்கிழமை மாற்றினால் மறுநாள் பிரச்சினை வரும்போது அலுவலகத்தில் ஆள் இருக்காது. செவ்வாய்க்கிழமை புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம் என்று பல முதலாளிகள் சொல்லிவிடுவார்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், அவர்களும் நாமும் ஒத்துப்போகும் நாள் அதுதான். 12 மணிக்கு ராகு காலம் தொடங்கும் முன், 10 மணி வாக்கில் மாற்றிவிட்டு, சாயங்காலம் கடை கட்டும் வரை கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவர் பழைய பழக்கத்தில் கையை எங்கே கொண்டுபோகிறார் என்று பாருங்கள். எங்கள் பட்டியலில் விட்டுப்போன இரண்டு ஷார்ட்கட்டுகள் அப்படித்தான் கிடைத்தன.